ஒற்றைக் கம்பியில் தந்தி

கேள்வி: அந்தக் காலத்துத் தந்தி ஒரே கம்பியில் போனதாக மாமா சொல்கிறார். மின்சாரத்துக்கு இரண்டு கம்பி வேண்டாமா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: உங்கள் மாமா சொல்வது சரி. இரண்டாவது கம்பி, பூமி. 1838இல் மியூனிக்கில் ஸ்டைன்ஹைல் இதைக் கண்டுகொண்டார். கம்பிச் செலவு பாதியாகிவிட்டது. ஒவ்வொரு தந்தி ஆபீசிலும் ஈரமண் தட்டும் ஆழத்தில் ஓர் உலோகத் தகடு புதைந்திருக்கும். பேட்டரியின் ஒரு முனை சாவி (தந்தி அடிக்கத் தட்டும் பொத்தான்) வழியாகக் கம்பிக்கு, மறுமுனை தகட்டுக்கு. சாவியை அழுத்தினால் மின்சாரம் கம்பியில் போய், அந்தப் பக்கத்துக் கருவியைத் தொட்டு, மண் வழியாகத் திரும்பும்.

கோளாறும் மண்ணிலிருந்தே தொடங்கும். சித்திரை வெயிலில் தகட்டைச் சுற்றிய மண் காய்ந்தால் தடை ஏறி, சத்தம் மங்கும். தகட்டருகே தண்ணீர் ஊற்றினால் சரியாகும். இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் தொல்லை தலைகீழ். கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் கிண்ணம் நனைந்து, கம்பத்துக்குக் கம்பம் துளித்துளியாக மின்சாரம் பூமிக்கு இறங்கிவிடும். நூறு கம்பம் தாண்டும்போது துளிகள் பெருவெள்ளமாகிவிடும் அல்லவா? கிண்ணத்தைக் கவிழ்த்த மணிபோல் செய்தது, உள்விளிம்பாவது நனையாமல் இருக்கட்டும் என்றுதான். அதையும் மீறிக் கசிந்தால், வாங்கும் பக்கத்தில் ரிலேயின் (மின்காந்த சுவிட்சின்) ஸ்பிரிங்கைத் தளர்த்துவார்கள். வலுக்குறைந்த மின்சாரமும் ரிலேயின் நாக்கை (அசையும் இரும்புத் துண்டை) இழுத்துவிடும். மழை விட்டதும் மறக்காமல் முறுக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கு ஒட்டிக்கொண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பேட்டரி என்றால் டார்ச் கட்டை அல்ல. டேனியல் செல்லில் மயில்துத்தக் கரைசலில் செப்புத் தகடு, நடுவே நுண்துளை மண்குவளை, அதற்குள் துத்தநாகம். ஒரு செல் தருவது 1.1 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு, ஆகவே வரிசையாகக் கோப்பார்கள். நீலம் வெளுத்தால் மயில்துத்தக் கட்டி போட வேண்டும்.

கேள்வி: தந்திச் சத்தம் சினிமாவில் வருவதுபோல ‘பீப் பீப்’ தானா?
- வாசகர், செங்கோட்டை

பதில்: அது வயர்லெஸ் சத்தம். தந்தி ஆபீசில் கேட்டது ‘டக்-டிக்’. சவுண்டர் என்ற தட்டொலிக் கருவியின் மின்காந்தம் இரும்புத் துண்டை இழுக்கும்போது ஒரு தட்டு, விடும்போது வேறு தொனியில் ஒரு தட்டு. இரண்டுக்கும் நடுவே உள்ள நேரத்தைத்தான் காது அளக்கிறது: எழுத்துகளைக் குறிக்கும் மோர்ஸ் குறியீட்டில் கோடு என்பது புள்ளியைப்போல் 3 மடங்கு. எழுத்துக்கு எழுத்து 3 புள்ளி இடைவெளி, சொல்லுக்குச் சொல் 7. சாவி பிடிப்பவர் இந்த இடைவெளியில் பிசகினால் ஆங்கில ‘ஏ’ (A: புள்ளி, கோடு) பிளந்து ‘ஈ’ (E), ‘டி’ (T) என்று இரண்டாகிவிடும். 2013 ஜூலையில் இந்தியாவில் தந்தி நின்றபோது இந்தத் தட்டல் எல்லாம் போய்க் கம்ப்யூட்டர் வந்திருந்தது.

கேள்வி: கைப்பிடி சுற்றும் ஃபோனில் பேசி முடித்த பிறகும் சுற்றியது ஏன்?
- வாசகர், தேவிகுளம்

பதில்: எக்ஸ்சேஞ்சுக்கு ‘முடிந்தது’ என்று சொல்ல. சுற்றினால் அங்கே ஒரு சிறு மூடி விழும். பார்த்து ஆபரேட்டர் இரண்டு லைன்களை இணைத்த கம்பிக் கயிற்றைப் பிடுங்குவார். சுற்றாமல் போனால் லைன் பிஸியாகவே கிடக்கும். பேச்சுக்கு மின்சாரம் கொடுத்தது கைப்பிடி அல்ல, பெட்டிக்குள் இருந்த உலர்செல்கள். குரல் மங்கினால் கத்த வேண்டாம், வாய்ப்பகுதியை லேசாகத் தட்டினால் போதும்: உள்ளே கட்டிபட்ட கரித்துகள் உதிர்ந்துவிடும்.