காங்க் பிரிட்டர்: சதையைப் பாருங்கள், சாஸைத் தள்ளுங்கள்

கே: பஹாமாஸ் போகிறோம். காங்க் பிரிட்டர் உடம்புக்கு நல்லதா? எத்தனை கலோரி?

ப: காங்க் என்பது ராணிச்சங்கு. அதன் சதையைப் பொடியாக நறுக்கி மைதா, முட்டை, வெங்காயம், குடைமிளகாய், செலரி, கார மிளகாயோடு பிசைந்து பொரிக்கும் உருண்டைதான் பிரிட்டர். சதை அருமையானது: வெந்த 100 கிராமில் 26 கிராம் புரதம், கொழுப்பு 1 கிராம் சொச்சம், 130 கலோரிதான். மக்னீசியமும் பி12-ம் தாராளம். ஆனால் உருண்டைக்குள் சதை எவ்வளவு? பிய்த்துப் பாருங்கள். ஒவ்வொரு கடியிலும் துணுக்குகள் பல்லில் பட்டால் நல்ல கடை. வெறும் மாவாக வந்தால் நீங்கள் சாப்பிடுவது மைதாவும் எண்ணெயும்தான். கடைக்குக் கடை மாறுவதால் ஒரே கலோரிக் கணக்கு கிடையாது. கூடவே வரும் சாஸ் மயோனைஸில் செய்தது. ஒரு மேசைக்கரண்டி மயோனைஸே 90 கலோரிக்குக் குறையாது. எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள்.

கே: ஓர் உருண்டைக்கு எத்தனை கலோரி?

ப: மேலே பாருங்கள்.

கே: இறால் ஒத்துக்கொள்ளாத பையனுக்குக் கொடுக்கலாமா?

ப: கொடுக்காதீர்கள். இறாலில் ஒவ்வாமை தரும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் சங்குச் சதையிலும் உண்டு. முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.

கே: அப்போ பச்சையாக, காங்க் சாலட்டாகச் சாப்பிடலாமே? எண்ணெயே இல்லை.

ப: கொழுப்புக் கணக்கில் சரி. ஆனால் பச்சைச் சங்கால் விப்ரியோ கிருமி 1999-ல் பஹாமாஸில் பலரை வயிற்றுப்போக்கில் தள்ளியது. கொதிக்கும் எண்ணெயில் உள்ளே வரை வெந்த பிரிட்டரில் அந்தப் பயம் இல்லை.

கே: எலுமிச்சைச் சாறே வேகவைத்துவிடும் என்கிறார்களே?

ப: அமிலம் புரதத்தை உறைய வைக்கும், சதை வெளுக்கும். பார்த்தால் வெந்த மாதிரி இருக்கும். அதை நம்பிக் கிருமி செத்தது என்று சொல்ல முடியாது. உப்பு நீரில் வளரும் கிருமி என்பதால் நல்ல தண்ணீரில் அலசுவது உண்மையிலேயே உதவும். அதுவும் முழு உத்தரவாதம் இல்லை. கர்ப்பிணிகள், கல்லீரல் நோயாளிகள் பச்சையாகத் தொடவே வேண்டாம்.

கே: ஜமைக்காவின் ஸ்டாம்ப் அண்ட் கோ? எனக்கு ரத்த அழுத்தம் உண்டு.

ப: அதுவும் பிரிட்டர்தான், ஆனால் உள்ளே உப்பிட்ட காட் மீன். ஊறவைக்காத மீன் 100 கிராமில் சோடியம் சுமார் 7 கிராம். ஒரு நாளைக்கு 2 கிராமுக்குள் இருக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீர் மாற்றி, கொதிக்கவைத்துக் கொட்டினால் நிறைய குறையும். உங்களுக்கு ஒன்றிரண்டு போதும். சாஸ் வேண்டாம்.

கே: ஏர் ஃப்ரையரில்?

ப: மாவு தளர்வு, வழிந்துவிடும். எண்ணெயிலேயே 180 டிகிரியில் பொரியுங்கள். சூடு குறைந்தால் எண்ணெய் குடிக்கும்.

கே: ஐந்து சாப்பிட்டால் எத்தனை கலோரி?

ப: முதல் பதில்!

கே: சங்கு ஓட்டை ஊருக்கு எடுத்து வரலாமா?

ப: என் துறை இல்லை. ராணிச்சங்கு 1992 முதல், காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் பட்டியலில் இருக்கிறது. சுங்கத்துறையில் விசாரியுங்கள்.