‘எட்டு’ என்று சொல்ல எட்டு அசை: ஆப்பிரிக்க மொழிகள் பற்றி வாசகர் கேள்விகள்

ஆப்பிரிக்க எழுத்தும் பள்ளியும் தாய்மொழியும் குறித்து வந்த கடிதங்களில் ஏழுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கென்ய எழுத்தாளர் பெயரைச் சிலர் ‘கூகி’ என்கிறார்கள், சிலர் ‘நுகுகி’, சிலர் ‘ங்குகி’. நூலகப் பட்டியலில் எதை எழுதுவது? (நூலகர், திண்டுக்கல்)

பதில்: அவருடைய தாய்மொழியான கிக்கூயு பேசுபவர் சொல்லிக் கேட்டால் ‘ங்கோகே’ என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும். ரோமன் எழுத்தில் அந்தப் பெயரை எழுதும்போது இரண்டு உயிரெழுத்துகளின் தலையிலும் சின்ன நெளிகோடு வரும். கோடு இருந்தால் ‘உ’ ஒலி ‘ஒ’ ஆகிவிடும், ‘இ’ ஒலி ‘எ’ ஆகிவிடும். அச்சகம் அந்தக் கோட்டைப் போடாமல் விட்டதால் வந்ததுதான் ‘ங்குகி’. ‘வா’ என்றால் ‘உடைய’. தியோங்கோ என்பது தந்தை பெயர். அதன் கடைசியில் இருப்பது சுத்தமான நம் ‘ங’. அந்த ஒலிக்கு ரோமனில் தனி எழுத்து இல்லாததால் இரண்டு எழுத்தையும் ஒரு மேற்குறியையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். தமிழில் ‘தியொஙொ’ என்றே எழுதிவிடலாம். ஆனால் தமிழ் வாசகர்கள் ‘கூகி வா தியோங்கோ’ என்றுதான் தேடுவார்கள். முதன்மைப் பதிவை அப்படி வையுங்கள். மற்ற வடிவங்களுக்கு ‘காண்க’ குறிப்பு போடுங்கள். ஆரம்பகால நூல்களில் ஜேம்ஸ் கூகி என்றே அச்சாகியிருக்கும். அதையும் இதே ஆளோடு சேர்க்க மறக்க வேண்டாம்.

கேள்வி: ஒரே ஒரு நாடகத்துக்காகக் கூகி வா தியோங்கோவைச் சிறையில் போட்டார்கள் என்பது உண்மையா? கழிப்பறைக் காகிதத்தில் நாவல் எழுதினாராமே? (கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை)

பதில்: இரண்டும் உண்மை. ஆனால் சிறைக்குக் காரணம் நாடகம் சொன்ன விஷயம் மட்டும் இல்லை, அது சொல்லப்பட்ட மொழியும் இடமும்தான்.

1977-ல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய நாவல் சுதந்திரக் கென்யாவின் புதுப்பணக்காரர்களைக் கடுமையாகச் சாடியது. அதற்காக அவரை யாரும் கைது செய்யவில்லை. அதே ஆண்டு, லிமுரு பக்கம் கமிரித்து என்ற சிற்றூரில், கூகி வா மீரீ என்பவரோடு சேர்ந்து கிக்கூயுவில் ஒரு நாடகம் எழுதினார். ஒன்றரை ஏக்கர் நிலம் வைத்திருக்கும் ஓர் ஏழை உழவன், அந்த நிலத்தின் மேல் கண் வைக்கும் ஒரு பணக்காரன், இவ்வளவுதான் கதை. நடித்தவர்கள் ஊர்க்காரர்கள்: விவசாயிகள், தோட்டக் கூலிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள். ஒத்திகை திறந்தவெளியில் நடந்தது. பார்த்துக்கொண்டு நின்றவர்கள் வசனத்தைத் திருத்தினார்கள். ஒரு கிழவர் இப்படிப் பேசமாட்டார், கூலிக் கணக்கு இப்படி வராது என்று சொன்னார்கள்; எழுதியவர்கள் மாற்றிக்கொண்டார்கள். 2,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கத்தையும் ஊரே சேர்ந்து கட்டியது.

அக்டோபரில் அரங்கேறிய நாடகத்தின் அனுமதி நவம்பரில் ரத்தானது. டிசம்பர் 31 இரவு கூகி வா தியோங்கோவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் காமிட்டி சிறையில் ஏறத்தாழ ஓர் ஆண்டு இருந்தார். 1982-ல் அந்த அரங்கத்தையே போலீசார் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள்.

சிறையில் கொடுத்த கழிப்பறைக் காகிதம் மொரமொரப்பானது. உடம்புக்குத் துன்பம், பேனாவுக்கு வசதி. மை ஊறிப் பரவாமல் நின்றது. அதில்தான் கிக்கூயுவில் தன் முதல் நாவலை எழுதினார். 1980-ல் அது வெளிவந்தபோது பதிப்பகத்தார் 5,000 பிரதிகள் அச்சிட்டு, விற்கச் சில ஆண்டுகள் ஆகும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தெரிந்தவர் வாசித்துக் காட்டினார். வீட்டில், பேருந்தில், மதுக்கடையில் அப்படி நடந்தது. மதுக்கடையில் வாசிப்பவர் சுவாரசியமான இடத்தில் நிறுத்திவிட்டுக் காலிக் கோப்பையை மேசையில் வைப்பாராம். கேட்பவர்கள் நிரப்பினால்தான் கதை நகரும். தமிழில் இந்த நாவல் ‘சிலுவையில் தொங்கும் சாத்தான்’ என்ற பெயரில் கிடைக்கிறது.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் நான்காம் வகுப்புக் குழந்தைகளில் நூற்றுக்கு 81 பேருக்குப் படித்துப் பொருள் புரிந்துகொள்ள வரவில்லை என்று ஒரு செய்தி. அங்கே முதல் மூன்று வகுப்பு தாய்மொழியில்தானே? பிறகு ஏன் இப்படி? (இடைநிலை ஆசிரியை, தஞ்சாவூர்)

பதில்: அந்த எண் 2021-ல் நடந்த பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் தேர்விலிருந்து வந்தது. 2016-ல் அது 78. நீங்கள் கேட்டதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. குழந்தைகள் மூன்றாம் வகுப்புவரை எந்த மொழியில் படித்தார்களோ அந்த மொழியில்தான் தேர்வு எழுதினார்கள். ஆகவே ஆங்கிலம் வராததால் தோற்றார்கள் என்று சொல்ல வழியில்லை. தாய்மொழி இருந்தும், அதைக் கற்பித்த முறை ஆங்கிலத்துக்கானதாக இருந்தது.

ஜுலு மொழியைப் பாருங்கள். ‘நான் உன்னை நேசிக்கிறேன்’ என்பது ‘ங்கியாகுதாண்டா’ என்று ஒரே சொல். ‘ங்கி’ நான், ‘யா’ நிகழ்காலம், ‘கு’ உன்னை, ‘தாண்டா’ நேசி. ‘நாங்கள் அவர்களை நேசிக்கிறோம்’ என்றால் ‘சியாபாதாண்டா’. ஆள் மாறினால் சொல்லின் தலையும் நடுவும் மாறிவிடும். ஆங்கிலத்தில் அட்டையைக் காட்டிச் சொல்லின் உருவத்தையே மனப்பாடம் செய்ய வைக்கும் முறையை இதற்குக் கொண்டுவந்தால் எத்தனை அட்டைதான் காட்டுவது? ‘வரவழைத்திருக்கிறேன்’ என்பதை முழு உருவமாக மனப்பாடம் செய்யச் சொல்வீர்களா? மாட்டீர்கள்தானே.

ஜுலுவுக்குப் பொருந்தும் வரிசை இது: முதலில் எழுத்தொலி, பிறகு மெய்யும் உயிரும் சேர்ந்த அசை, அடுத்து மூன்று நான்கு எழுத்து சேர்ந்து வரும் மெய்க்கூட்டங்களும் நாக்கைச் சொடுக்கும் ஒலிகளும், அதன் பிறகு நீளச் சொல்லை அசை அசையாக வெட்டிப் படிப்பது. ஜுலு, கோசா முதலிய ங்குனி மொழிகளுக்கு அண்மையில் அளவுகோலும் வகுத்திருக்கிறார்கள். முதல் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 40 எழுத்தொலி, இரண்டாம் வகுப்பு முடிவில் 20 சொல், மூன்றாம் வகுப்பு முடிவில் 35 சொல், பிழையில்லாமல். ஆங்கில வேகத்தோடு ஒப்பிட்டு ‘மெதுவாகப் படிக்கிறான்’ என்று குழந்தையைக் குறை சொல்லக் கூடாது. ஜுலுவில் ஒரு சொல் ஆங்கிலத்தில் மூன்று சொல்லுக்குச் சமம்.

அடுத்த அடி நான்காம் வகுப்பில் விழுகிறது. பாடமெல்லாம் ஆங்கிலத்துக்கு மாறிவிடும். 2022 கணக்கெடுப்பின்படி வீட்டில் ஆங்கிலம் பேசுவோர் நூற்றுக்கு 9 பேருக்கும் குறைவு. ஆசிரியர் ஜுலுவில் விளக்குவார், குழந்தைக்கு நன்றாகவே புரியும்; கேள்வித்தாள் மட்டும் ஆங்கிலத்தில் வரும். தெரிந்த விடையை எழுத முடியாமல் மதிப்பெண் போகிறது.

கணக்கில் இது இன்னும் சிக்கல். ஜுலுவில் எட்டு என்பது ‘இசிஷியாகலோம்பிலி’. இரண்டு விரலை விட்டுவிடு என்று பொருள். ஒன்பது என்றால் ஒரு விரலை விட்டுவிடு. விரல் மடக்கி எண்ணிய காலத்தின் அழகான தடம் அது. ஆனால் எட்டு அசை நீளமுள்ள சொல்லை வைத்து வாய்ப்பாடு ஒப்பிப்பது கடினம். குழந்தைகள் ஆங்கில எண்ணைச் சொல்கிறார்கள் என்றால் சொல்லட்டும். விரலையும் காட்டி இரண்டு சொல்லையும் பழக்குவதுதான் நல்லது.

கிழக்குக் கேப் மாகாணம் 2012 முதல் கணக்கு, அறிவியலை இருமொழியில் நடத்திப் பார்த்தது. 2025 முதல் நாடு முழுக்க நான்காம் வகுப்பிலிருந்து அதை விரிக்கிறார்கள். பெற்றோர் தயங்குவதற்கு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. நிறவெறி அரசின் 1953-ஆம் ஆண்டு பாண்டு கல்விச் சட்டத்தின் கீழ் கறுப்பினக் குழந்தைகளுக்கு எட்டு ஆண்டு தாய்மொழிவழிக் கல்வி என்றார்கள். கொடுத்ததோ தரம் தாழ்ந்த கல்வி. பிறகு பாதிப் பாடத்தை வெள்ளை ஆட்சியாளர்களின் மொழியான ஆஃப்ரிக்கான்ஸில் படிக்கக் கட்டாயப்படுத்தியதை எதிர்த்து 1976 ஜூன் 16 அன்று சொவெட்டோ மாணவர்கள் தெருவில் இறங்கித் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். ‘தாய்மொழி’ என்றதும் அந்தப் பெரியவர்களுக்கு மட்டமான பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். நல்ல புத்தகத்தையும் தேர்ச்சி பெற்ற ஆசிரியரையும் கண்ணால் காட்டாமல் அவர்கள் நம்பிக்கையைக் கேட்க நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: அப்படியானால் ஆங்கிலத்தில் எழுதிய நைஜீரிய நாவலாசிரியர் அச்செபே போன்றவர்கள் தவறு செய்தார்களா? (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: இல்லை என்பதே எங்கள் கருத்து. 1962 ஜூனில் உகாண்டாத் தலைநகர் கம்பாலாவின் மக்கெரேரே கல்லூரியில் நடந்த மாநாடு ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்களுக்கானது. சுவாஹிலியின் பெருங்கவி ஷாபான் ராபர்ட்டுக்கும் நைஜீரிய மொழியான யொரூபாவில் நாவல் எழுதிய ஃபகுன்வாவுக்கும் அந்த வரையறையிலேயே இடமில்லை. இது பெரிய குறை. அடுத்த ஆண்டே ஓபி வாலி என்ற நைஜீரியர் ‘இந்தப் பாதை முட்டுச்சந்தில் போய் நிற்கும்’ என்று எழுதினார். கூகி பின்னாளில் அந்தப் பக்கம் வந்தார்.

அச்செபே பக்கம் நியாயம் இருக்கிறது. நைஜீரியாவில் 500-க்கு மேற்பட்ட மொழிகள். அவருடைய தாய்மொழியான இக்போவிலேயே எழுத்து வழக்கு சிதைந்து கிடந்தது. பைபிளை மொழிபெயர்க்க வந்த பாதிரியார் டென்னிஸ் ஐந்து வட்டார வழக்குகளைக் கலந்து ‘ஒன்றிய இக்போ’ என்று ஒன்றைச் செய்தார். 1913-ல் பைபிள் அதில் வெளிவந்தது. மதுரைத் தமிழ், நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சென்னைத் தமிழ் ஐந்திலும் சொல்லுக்குச் சொல் பொறுக்கி ஒரு நடை செய்தால் எப்படியிருக்கும்? யாருடைய வாயிலும் அது பேச்சாக வராது. 1999-ல் ஓவெரி நகரில் இக்போவிலேயே பேசிய அச்செபே இதைத்தான் கடுமையாக எதிர்த்தார். தாய்மொழியைக் கைவிட்டவர் என்று அவரைச் சொல்வது அநியாயம். ‘சிதைவுகள்’ என்ற தலைப்பில் அவருடைய முதல் நாவலைத் தமிழில் தந்தவர் உங்கள் ஈழத்து என்.கே.மகாலிங்கம்தான்.

கேள்வி: எழுத்துப் பிழைக்காக ஒரு சினிமா தடை செய்யப்பட்டதாமே? (வாசகி, புதுச்சேரி)

பதில்: செனகலில் நடந்தது. பிரெஞ்சில் நாவல் எழுதிவந்த உஸ்மான் செம்பேன், தன் மக்களால் பிரெஞ்சைப் படிக்க முடியவில்லையே என்று திரைப்படத்துக்கு வந்தவர். 1968-ல் அங்கே பரவலாகப் பேசப்படும் வோலோஃப் மொழியில் படமெடுத்தார். பின்னர் 1977-ல் வந்த ‘செட்டோ’ படத்தின் தலைப்பில் ஒற்று இரட்டிக்க வேண்டும் என்றார் அவர். ஒற்றையாகத்தான் எழுத வேண்டும் என்றது கவிஞரான குடியரசுத் தலைவர் செங்கோரின் அரசு. ‘படு’ வேறு, ‘பட்டு’ வேறு என்று அறிந்த நமக்கு இந்தச் சண்டை சின்னதாகத் தெரியாது. அரசு சொன்ன காரணம் எழுத்துதான். மதத் தலைமையையும் அடிமை வணிகத்தையும் படம் விசாரித்த விதம் பலருக்குக் கசந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செம்பேன் எழுத்தை மாற்றவே இல்லை.

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் தமிழ் ஆட்சிமொழி என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சரியா? (வாசகர், ஈரோடு)

பதில்: தவறு. அங்கே ஆட்சிமொழிகள் 12. பன்னிரண்டாவதாக 2023-ல் சேர்ந்தது சைகை மொழி. அரசியல் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, சமூகங்கள் வழங்கும் மொழிகளை வளர்க்கவும் அவற்றுக்கு மதிப்புக் கிடைக்கச் செய்யவும் வேண்டும் என்று கூறி, தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது, ஜெர்மன், கிரேக்கம், போர்ச்சுகீசியம் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. 1860-ல் சென்னையிலிருந்து டர்பனுக்குக் கரும்புத் தோட்ட வேலைக்குப் போனவர்களின் மொழி சட்டத்தில் பெயர் பெற்றது பெரிய விஷயம். ஆனால் அரசு அலுவலகத்தில் தமிழில் பதில் கேட்கும் உரிமை அதில் இல்லை.

கேள்வி: யொரூபாக் கதைத் தொகுப்பு ஒன்றுக்குத் தேடுபொறி செய்கிறோம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் சொல்லே தேடினால் அகப்படவில்லை. (மென்பொருள் பொறியாளர், கோவை)

பதில்: யொரூபாவில் சுருதி மாறினால் பொருள் மாறும். ‘ஒகொ’ என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு அசையும் நடுச் சுருதி என்றால் கணவன். இரண்டாவது ஏறினால் மண்வெட்டி. இரண்டாவது இறங்கினால் வண்டி. இரண்டுமே தாழ்ந்தால் ஈட்டி. ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் மேலே சாய்கோடு, நடுவுக்கு ஒன்றும் இல்லை. இதுபோக எழுத்தின் அடியில் வரும் புள்ளி வேறு ஒலியையே குறிக்கும்.

உங்கள் சிக்கல் கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் இருக்கிறது. அடிப்புள்ளி வைத்த எழுத்துக்குத் தனிக் குறியெண் உண்டு. புள்ளியும் சாய்கோடும் சேர்ந்து வந்தால் ஒற்றைக் குறியெண் கிடையாது. அடுக்கித்தான் ஆக வேண்டும். ஒருவர் புள்ளியை முதலில் அடுக்குவார், இன்னொருவர் கோட்டை. திரையில் ஒரே உருவம், உள்ளே வேறு வரிசை. தமிழில் ‘ஔ’ எழுத்துக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தட்டுவதால் வரும் தொல்லைக்கு இது அண்ணன்.

சேமிக்கும் உரையையும் தேடும் சொல்லையும் ஒரே யூனிகோடு இயல்பாக்க முறைக்கு (அடுக்கு வரிசையை ஒரே மாதிரி ஆக்கும் முறை) மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். பெரும்பாலோர் கைபேசியில் சுருதிக் கோடு போடாமல்தான் தட்டுகிறார்கள். அவர்களுக்காகக் கோடு நீக்கிய இரண்டாவது சுட்டுப் பட்டியல் ஒன்று வையுங்கள். கோட்டோடு தட்டியவருக்குத் துல்லியமான விடை முதலில் வரட்டும். மூல உரையில் கை வைக்காதீர்கள். அடிப்புள்ளியைக் கோட்டோடு சேர்த்து நீக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. நீக்கினால் இரண்டு வெவ்வேறு உயிரெழுத்துகள் ஒன்றாகிவிடும். எழுத்துருவைத் தேர்வு செய்யும்போது புள்ளியும் கோடும் சேர்ந்த எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு பக்கத்து எழுத்தின் தலையில் போய் நின்றால் வேறு எழுத்துரு தேடுங்கள்.