விமான நிலையத்திலிருந்து விடுதிக்கு: டாக்சியா, ரயிலா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வரும் ஆகஸ்டில் நானும் என் மனைவியும், என் அக்காவும் அவருடைய மகளுமாக நான்கு பேர் பாரிஸ் செல்கிறோம். திருமண வீட்டில் இடம் போதாது என்பதால் கார் து நோர் ரயில் நிலையத்துக்கு அருகில் விடுதி எடுத்திருக்கிறோம். நெடுங்காலமாக அங்கேயே வசிக்கும் என் மைத்துனர், "ரயிலிலேயே வந்துவிடுங்கள், டாக்சிக்குக் காசைக் கொட்டாதீர்கள்" என்கிறார். அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. ஆளுக்கு இரண்டு பெட்டிகள் இருக்கும். எங்கள் நால்வரில் யாருக்கும் பிரெஞ்சு சரளமாக வராது. நாங்கள் எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: டாக்சியிலேயே செல்லுங்கள். உங்கள் மைத்துனர் சொல்வது ஒரு தோள்பையோடு தனியாக வந்துபோகும் அவருக்குச் சரியான கணக்கு. நான்கு பேருக்கும் எட்டுப் பெட்டிகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தாது.

முதலில் பணத்தைப் பார்ப்போம். சார்ல் த கோல் விமான நிலையம் பாரிஸ் நகரின் வடகிழக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து நகருக்குள் செல்லும் ஆர்.இ.ஆர். பி என்ற புறநகர்த் தடத்து ரயிலுக்கு 2025-ஆம் ஆண்டின் கட்டணப்படி ஒருவருக்கு 13 யூரோ, ஆக நான்கு பேருக்கு 52 யூரோ. டாக்சிக்கோ அங்கே மீட்டர் கணக்கே கிடையாது. விமான நிலையத்துக்கும் பாரிஸ் நகருக்கும் இடையே அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம்தான் வசூலிக்கப்பட வேண்டும். சேன் நதிக்கு வடக்கே உள்ள பகுதிகளுக்கு 56 யூரோ, நதியைக் கடந்து தெற்கே சென்றால் 65 யூரோ என்பது 2025-இல் இருந்த விகிதம். இது ஆளுக்கான கட்டணம் அன்று, வண்டிக்கான கட்டணம். நான்கு பேர் வரை இதே தொகைதான். கார் து நோர் நதிக்கு வடக்கே பத்தாவது வட்டாரத்தில் இருப்பதால் அந்த விகிதப்படி உங்களுக்கு 56 யூரோவே பொருந்தும். ஆக, காசைக் கொட்டுவதாக உங்கள் மைத்துனர் சொல்லும் வித்தியாசம் நான்கு பேருக்கும் சேர்த்து 4 யூரோ மட்டுமே. இந்தக் கட்டணங்கள் புத்தாண்டை ஒட்டி மாறுவது வழக்கமாதலால், புறப்படும் முன் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் சில யூரோ கூடினாலும் முடிவு மாறாது. இருவர் மட்டும் சென்றால் ரயிலுக்கு 26 யூரோ, டாக்சிக்கு அதே 56 என்பதால் ரயில் பாதிக்கும் குறைவாக முடிந்துவிடும். மூன்று பேர் என்றால் யோசிக்கலாம். நான்கு பேருக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

நிர்ணயித்த கட்டணத்தில் இன்னொரு நிம்மதியும் இருக்கிறது. விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் ஏ1 நெடுஞ்சாலை காலை நேரத்தில் நெரிசலில் திணறும். அரை மணிக்குச் சற்று மேலாக முடியவேண்டிய பயணம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடுவதும் உண்டு. மீட்டர் ஓடும் ஊரில் இது வயிற்றைக் கலக்கும் சங்கதி. இங்கே வண்டி எத்தனை நேரம் நின்றாலும், இரவானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும், நீங்கள் கொடுக்கவேண்டியது அதே தொகைதான். பெட்டிகளுக்கென்று தனிக் கட்டணமும் கிடையாது. வண்டியை முன்பதிவு செய்து வரவழைத்தால் மட்டும் சில யூரோ கூடும். ஐந்தாவது ஆள் ஏறினாலும் அப்படித்தான் கூடும்.

ஆனால் எட்டுப் பெட்டிகள் என்பது சிக்கல். நம்மூரிலிருந்து பிரான்சுக்குப் போகிற பெட்டிகளில் துணிமணியைவிட வடகமும் ஊறுகாயும் மிளகாய்த்தூளும் பட்டுப்புடவையும்தான் அதிகம் என்பதை அறிவேன். அவை ஒவ்வொன்றும் 23 கிலோ என்ற வரம்பைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கும். சாதாரணக் காரின் பின்பெட்டியில் இத்தகைய பெட்டிகள் மூன்றோ நான்கோதான் அடங்கும். எனவே டாக்சி நிறுத்தத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தும் ஊழியரிடம் பெட்டிகளைக் காட்டி, வேன் போன்ற பெரிய வண்டி வரும்வரை ஒதுங்கி நிற்பதாகச் சொல்லிவிடுங்கள். மொழி வராவிட்டாலும், எட்டுப் பெட்டிகளைச் சுட்டிக்காட்டும் கை எல்லா மொழியிலும் புரியும். முடிந்தால் ஆளுக்கு ஒரு பெட்டியாகக் குறைத்துக்கொள்வது அதைவிட நல்லது. திரும்பும்போதும் இதே பெட்டிகளை இழுக்கவேண்டுமல்லவா?

ஏமாறக்கூடிய இடம் ஒன்றே ஒன்று உண்டு. சுங்கத்தைத் தாண்டி வருகைக் கூடத்துக்குள் நுழைந்ததுமே, "டாக்சி, டாக்சி" என்று தணிந்த குரலில் கேட்டபடி சிலர் அருகில் வருவார்கள். சிலர் கழுத்தில் அட்டைகூடத் தொங்கும். முறையான டாக்சிக்காரர் எவரும் கூடத்துக்குள் வந்து ஆள் பிடிப்பதில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லாமல், டாக்சிப் பலகையைப் பின்பற்றி வெளியே உள்ள நிறுத்தத்துக்குச் சென்றுவிடுங்கள். கூரைமேல் விளக்குப் பொருத்திய வண்டியாக இருக்கவேண்டும். விளக்கு பச்சையாக இருந்தால் காலி, சிவப்பாக இருந்தால் ஆள் இருக்கிறது என்று பொருள். ஏறும் முன்பே விடுதியின் முகவரியைத் தாளில் எழுதிக் காட்டி, அப்போதைய நிர்ணயக் கட்டணத்தையும் அதன் கீழே எழுதிக் காட்டுங்கள். வங்கி அட்டையை ஏற்றுக்கொள்வது அங்கே டாக்சிகளுக்குக் கட்டாயம் என்பதால் இறங்கியதும் யூரோ தாள்களைத் தேடித் தடுமாறவும் வேண்டாம். செல்பேசிச் செயலி வழியே அழைக்கும் வாடகைக் கார்களுக்கு இந்த நிர்ணயக் கட்டணம் பொருந்தாது என்பதை நினைவில் வையுங்கள்; கூட்ட நேரத்தில் அவற்றின் விலை ஏறிவிடும்.

ரயில் மோசம் என்று நான் சொல்லவில்லை. கார் து நோருக்கு நேரடி ரயில் கிடைத்தால் 25 நிமிடம், எல்லா நிலையங்களிலும் நின்று செல்வதானால் 35 நிமிடம் என்ற அளவில் பெரும்பாலும் டாக்சியை முந்திவிடும். அக்காவின் முழங்கால்தான் இங்கே தீர்ப்பு சொல்கிறது. ஆர்.இ.ஆர். என்பது தாம்பரம்–கடற்கரை மின்சார ரயிலைப் போலத் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்காக ஓடும் புறநகர் வண்டி. பெரிய பெட்டிகளை வைக்க அதில் இடம் குறைவு, கூட்டத்தில் பணப்பையைப் பிடித்துக்கொண்டே நிற்கவும் வேண்டும். கார் து நோரில் நடைமேடை நிலத்தடியில் இருக்கிறது. அங்கிருந்து மின்படிகள் ஏறி, பயணச்சீட்டைக் காட்டினால்தான் திறக்கும் கதவுகளைத் தாண்டி, ஆளுக்கு இரண்டு பெட்டியோடு தெருவுக்கு வருவதற்குள் வழியில் மிச்சமான 4 யூரோவின் மதிப்பு நன்றாக விளங்கிவிடும்.

திருமணம் முடிந்து ஊர் சுற்றும்போது ரயிலில் தாராளமாக ஏறுங்கள். விடுதியிலிருந்து சில நிமிட நடையில் லா சப்பல் பகுதி வந்துவிடும். தமிழ்க் கடைகளும் உணவகங்களும் வரிசையாக இருக்கும் அந்தத் தெருக்களில் பிரெஞ்சு தெரியாத குறையே உங்களுக்குத் தோன்றாது. ஆகஸ்டு இறுதிவரை இருப்பீர்களானால் அங்குள்ள மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர்த் திருவிழாவும் வாய்க்கலாம். அன்று அந்தப் பகுதித் தெருக்களில் வாகனங்களுக்குத் தடை இருக்கும் என்பதால், உங்கள் திரும்பும் விமானம் அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்தால் மட்டும் டாக்சியை நம்பாதீர்கள்.

கேள்வி: பாரிசிலிருந்து வரும் என் சித்தப்பா குடும்பம் நள்ளிரவு கடந்து சென்னையில் இறங்குகிறது. புதுச்சேரி கடற்கரைச் சாலையில் விடுதி எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் கடலூருக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். விமான நிலையத்துக்கு எதிரிலேயே ரயில் நிலையம் இருக்கிறதே, ரயிலிலேயே வரச் சொல்லலாமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எதிரில் ரயில் நிலையம் இருப்பது உண்மை, அதனால் உங்கள் சித்தப்பாவுக்குப் பயனில்லை என்பதும் உண்மை. ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் திரிசூலம் நிலையம். விமான நிலையத்திலேயே மெட்ரோ நிலையமும் இருக்கிறது. ஆனால் மெட்ரோ வடக்கே சென்னை நகருக்குள் போகிறது, இவர்களோ தெற்கே வரவேண்டும். தவிர, நள்ளிரவில் மெட்ரோவும் ஓடுவதில்லை. திரிசூலத்திலிருந்து மின்சார ரயிலில் பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் தாண்டித் தாம்பரம் வந்து, அங்கே விரைவு ரயில் பிடித்து விழுப்புரத்தில் இறங்கி, மீண்டும் 40 கிலோமீட்டர் அளவுக்குப் பேருந்திலோ காரிலோ வருவது, பகலில் ஒற்றைப் பையோடு வருபவருக்கே பொறுமையைச் சோதிக்கும். எழும்பூரிலிருந்து புதுச்சேரிக்கே நேராக வரும் ரயிலைப் பிடிக்கவும் நள்ளிரவில் இறங்குபவர் பல மணி நேரம் காத்திருக்கவேண்டும். விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப்பாதை 1879-இல் போடப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் சென்னையிலிருந்து வருபவருக்கு அது சுற்றுவழியாகவே இருப்பது நம் ஊரின் தீராத குறை. கிழக்குக் கடற்கரையை ஒட்டிச் சென்னை–புதுச்சேரி–கடலூர் ரயில் பாதை பற்றிப் பேச்சு மட்டும் நெடுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆகவே காரை முன்பதிவு செய்துவிடுங்கள். திண்டிவனம் வழியாக இரவில் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். பதிவு செய்யும்போது ஒருவழிக் கட்டணமா, போக வர இருவழிக் கணக்கா என்பதைத் தெளிவாகக் கேளுங்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று சொல்லிவிட்டு, ஓட்டுநர் பேட்டா, பரனூர், ஆத்தூர், மொரட்டாண்டி சுங்கச்சாவடிகள், புதுவை எல்லைக்கான பெர்மிட், விமான நிலைய வாகன நிறுத்தம் ஆகியவற்றை இறங்கும்போது ஒவ்வொன்றாகச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். "எல்லாம் சேர்த்து விடுதி வாசல்வரை எவ்வளவு?" என்ற ஒரே கேள்விக்கு வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வாங்கி வைத்துக்கொண்டால் விடியற்காலையில் வாக்குவாதம் இராது. விமானம் தாமதமானால் காத்திருப்புக் கட்டணம் எப்போது தொடங்கும் என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

விடுதி கடற்கரைச் சாலையில் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 மணி வரை அந்தச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை. விடியுமுன் வரும் கார் குறுக்குத் தெரு முனையிலேயே தடுப்புக்கு முன் நின்றுவிடும். எந்தத் தெரு முனையில் இறங்குவது, பெட்டி தூக்க ஆள் வருவாரா என்று விடுதியில் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். கடலூருக்கு வரும் அன்றும் சாலை வழிதான். இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில் இருந்தும் இரு ஊர்களுக்கும் இடையே நேரடி ரயில் பாதை கிடையாது.

கேள்வி: உயர்கல்விக்காகப் பாரிஸ் செல்லும் என் மகளுக்குச் சித்தே யூனிவெர்சித்தேர் என்ற மாணவர் குடியிருப்பு வளாகத்தில் உள்ள இந்திய மாணவர் இல்லத்தில் அறை கிடைத்திருக்கிறது. பகலில் இறங்குகிறாள், ஒரு பெட்டிதான். டாக்சி அவசியமா?
– வாசகர், வில்லியனூர்

பதில்: அவசியமில்லை. அந்த வளாகத்தின் பெயரிலேயே ஆர்.இ.ஆர். பி தடத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. விமான நிலையத்தில் ஏறினால் வண்டி மாறாமல் அங்கே இறங்கலாம். விமான நிலையம் அந்தத் தடத்தின் முனை என்பதால், அங்கிருந்து புறப்படும் எந்த வண்டியில் ஏறினாலும் அது பாரிசுக்குத்தான் போகும். வளாகம் நதிக்குத் தெற்கே இருப்பதால், 2025-ஆம் ஆண்டின் கட்டணப்படி டாக்சிக்கு 65 யூரோ, ரயிலுக்கு 13 யூரோதான். இறங்கும் நிலையத்திலும் சீட்டைக் காட்டினால்தான் கதவு திறக்கும், ஆகையால் அதைத் தொலைத்துவிடக் கூடாது. பாதைப் பராமரிப்புக்காகப் பின்னிரவிலும் சில வார இறுதிகளிலும் இந்தத் தடத்தில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். வேலைநிறுத்தமும் அங்கே அரிதன்று. புறப்படும் முதல் நாள் அதை மட்டும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊர் திரும்பும்போதுதான் கவனம் அதிகம் வேண்டும்: வடக்கே ஓல்னே நிலையத்தைத் தாண்டியதும் தடம் இரண்டாகப் பிரிகிறது, ஒன்று விமான நிலையத்துக்கும் மற்றொன்று மித்ரி-கிளே என்ற ஊருக்கும் போகிறது. நடைமேடைப் பலகையில் விமான நிலையத்தின் பெயரைப் பார்த்த பிறகே ஏறவேண்டும்.