கறுப்புப் பழத்துக்குப் பனியின் பெயர்

கேள்வி: நீலகிரிச் சாலையோரப் புதர்களில் பழுக்கும் கறுப்புக் காட்டு ராஸ்பெர்ரியின் தாவரப் பெயர் ‘ரூபஸ் நிவியஸ்’. நிவியஸ் என்றால் பனிவெண்மையாம். கன்னங்கரேலென்ற பழத்துக்கு இது எப்படிப் பொருந்தும்?
– வாசகர், கோத்தகிரி

பதில்: பழத்தை விடுங்கள், இலையைத் திருப்பிப் பாருங்கள். மேலே கரும்பச்சை, அடியிலோ வெள்ளைவெளேரென்று ரோமம் அப்பிக் கிடக்கும். நகத்தால் சுரண்டினால் பஞ்சாகத் திரண்டு வரும். பெயர் அந்த வெண்மைக்கு உரியது. ஸ்வீடன் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1813-இல் சூட்டினார். ‘ரூபஸ்’ முட்கொடிகளுக்கு ரோமானியர் வழங்கிய சொல். துன்பெர்க்கின் ஆசிரியர் லின்னேயஸ் 1753-இல் அதையே பேரினப் பெயராக்கினார்.

துன்பெர்க்குக்குப் பிறகு இங்கிலாந்தின் ஜேம்ஸ் எட்வர்ட் ஸ்மித் இதே செடியை ‘லாசியோகார்பஸ்’ என்றார். ‘கம்பளி போர்த்திய பழம்’ என்று பொருள். பழத்தைக் கண்ணருகே பிடித்தால் கறுப்பின்மேல் சாம்பல் பூத்தாற்போல மென்ரோமம் தெரியும். இந்தப் பெயர்தான் இன்னும் பொருத்தம் என்பேன். ஆனால், முறைப்படி முதலில் வெளியான பெயரே செல்லும் என்பது தாவரப் பெயரிடல் விதி. அதனால் பழைய இந்தியத் தாவர நூல்களில் லாசியோகார்பஸ் என்று கண்டால் குழம்ப வேண்டாம், செடி ஒன்றே.

இலையடி வெளுப்பை மட்டும் நம்பி அடையாளம் சொன்னால் ஏமாறுவீர்கள். மஞ்சள் பழம் தரும் ‘ரூபஸ் எலிப்டிகஸ்’ செடிக்கும் அடிப்புறம் வெளுப்புதான். அதில் காம்புக்கு மூன்று சிற்றிலைகள், பூ வெள்ளை, தண்டெல்லாம் செம்பழுப்பு மயிர். நிவியஸில் பெரும்பாலும் ஐந்து முதல் ஒன்பது சிற்றிலைகள், பூ இளஞ்சிவப்பு.

கேள்வி: இந்தக் கறுப்புக் காட்டு ராஸ்பெர்ரியை வீட்டில் வளர்க்கலாமா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: வளர்க்கலாம். நீண்ட கொடியின் நுனியை வளைத்து நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, மேலே கல் வையுங்கள். மண் காயக்கூடாது. இழுத்துப் பார்த்து, பிடிமானம் தெரிந்த பிறகே தாய்க்கொடியை வெட்ட வேண்டும். அவசரப்பட்டால் நுனி கருகிவிடும். காய்த்து ஓய்ந்த கொடியை அடியோடு அறுத்துவிடுங்கள், அது எப்படியும் பட்டுப்போகும். அந்த வருடம் முளைத்த கொடியைத் தொடாதீர்கள். அடுத்த வருடப் பழம் அதில்தான்.

சிவப்பாக இருக்கும்போது பறித்தால் புளிக்கும். நன்றாகக் கறுத்தது தொட்டதும் கழன்று வரும். வெள்ளைத் தண்டு செடியிலேயே நிற்க, பழம் உள்ளே குழிவாகக் கிண்ணம்போல் இருக்கும்.

காட்டோரம் மட்டும் நடாதீர்கள். பறவைகள் விதையைப் பரப்பிவிடும். கலாபகஸ் தீவுகளில் வெளியிலிருந்து வந்த இதே செடி அடர்ந்து மண்டி, அங்குள்ள சொந்தத் தாவரங்களை நெருக்கிக்கொண்டிருக்கிறது.