காரவான் வாங்க ஓய்வூதியப் பானையில் கை வைக்கலாமா?

கேள்வி: வணக்கம் ஐயா. தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். எனக்கு 46 வயது, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இரண்டு பேர். இலையுதிர் காலத்தில் டிராக்கன்ஸ்பெர்க் மலைத்தொடருக்குப் போய் கேம்ப் போட்டு மலை நடை நடக்க ஆசை. 1,50,000 ராண்டுக்குப் பழைய காரவான் (காருக்குப் பின்னால் இழுத்துப்போய்த் தங்கும் வண்டி) ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். ஓய்வூதிய நிதியின் சேமிப்புப் பானையிலிருந்து 30,000 எடுத்து முன்பணம் கட்டிவிட்டு, மிச்சத்துக்கு 14 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் வாங்கலாமா? வாடகைக்கு எடுத்தால் இரவுக்கு 1,500 ராண்ட் கேட்கிறார்கள். அது வீண் செலவுதானே?

பதில்: வணக்கம். பானையைத் தொடாதீர்கள். இந்த வருடம் வாடகைக்கே எடுங்கள்.

முதலில், 30,000 எடுத்தால் 30,000 கைக்கு வராது. 2024 செப்டம்பர் 1 முதல் ஓய்வூதிய நிதியில் இரண்டு பானை முறை நடப்பில் உள்ளது: ஒன்று ஓய்வுக்கு முன்பே எடுக்கக்கூடிய சேமிப்புப் பானை, மற்றொன்று ஓய்வு வரை தொட முடியாத பானை. சேமிப்புப் பானையிலிருந்து எடுக்கும் பணம் அந்த வருடச் சம்பளத்தோடு சேர்ந்து வரிக்குள் போகிறது. நீங்கள் 26 சதவீதப் படியில் இருந்தால் 7,800 வரிக்கே சரி. மிஞ்சுவது 22,200, அதிலும் நிதி நிறுவனத்தின் கட்டணம் கழியும். பழைய வரி பாக்கி இருந்தால் வரித்துறை அதையும் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். அதே பணத்தை ஓய்வு பெறும்வரை விட்டுவைத்தால் வேறு வரி அட்டவணை. அதில் முதல் 5,50,000 ராண்டுக்கு வரியே இல்லை. காரவான் ஆசைக்காக 7,800 ராண்டைச் சும்மா தூக்கிக் கொடுக்க எனக்கு மனசு வராது.

முன்பணம் குறைவதால் கடன் 1,27,800 ஆகிறது. மாதத் தவணை சுமார் 2,970, வருடத்துக்கு 35,640. அதை வாடகையோடு வைத்துப் பாருங்கள்: வருடம் 24 இரவு காரவானில் படுத்தால்தான் தவணைக்கே ஈடாகும். காப்பீடு, வருடாந்திர லைசன்ஸ் வில்லை, டயர், வீட்டு வாசலில் இடம் இல்லையென்றால் நிறுத்தி வைக்கிற வாடகை எல்லாம் இதற்கு மேல். “கடன் முடிந்தால் வண்டி என்னுடையதுதானே” என்பீர்கள். நியாயம். ஐந்து வருடம் கழித்து 80,000-க்கு விற்பதாகவே வைத்துக்கொள்வோம். பானையில் எடுத்த 30,000-ஐயும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அப்போதும் வருடத்துக்குச் சுமார் 17 இரவு வேண்டும். வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற வீட்டில் அத்தனை இரவு எங்கே கிடைக்கும்? ஐந்து இரவு வாடகைக்கு எடுத்தால் 7,500 ராண்டோடு முடிந்தது. காரவான்தான் வேண்டும் என்றில்லை. பிள்ளைகள் சம்மதித்தால் கூடாரம் இன்னும் மலிவு.

ஈஸ்டர் வாரத்தில் புறப்படாதீர்கள், எல்லா இடமும் நிரம்பி வழியும். புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவை விட்டுவிட்டு மலைக்குப் போவதற்கு வீட்டில் விடுவார்களா என்பதும் ஒரு கேள்வி! ஏப்ரல் 27-உம் மே 1-உம் அரசு விடுமுறை. இடையில் உள்ள மூன்று நாளுக்கு லீவு போட்டால் ஐந்து நாள் சேர்ந்தாற்போல் கிடைக்கும், ஆனால் இதே கணக்கைப் பலரும் போடுவார்கள், இடத்தை இப்போதே பதிவு செய்யுங்கள். கோடையின் மாலை இடிமழை அதற்குள் ஓய்ந்திருக்கும். ராத்திரிக் குளிர் மட்டும் எலும்பு வரை போகும். டிராக்கன்ஸ்பெர்க்கில் உள்ள ராயல் நேட்டல் பூங்காவின் மஹாய் கேம்பில் மின் இணைப்பு உண்டு. அங்கிருந்து துகேலா பள்ளத்தாக்கு நடைக்கு ஒரு முழுநாள் ஒதுக்குங்கள். வானிலை சரியாக இருந்தால் 948 மீட்டர் உயர துகேலா அருவியைக் கீழிருந்து பார்க்கலாம்.

வாடகைக்கு எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. உங்கள் ஓட்டுநர் அட்டையில் கோட் பி (சாதாரண கார் உரிமம்) மட்டும் இருந்தால் 750 கிலோவுக்கு மேற்பட்ட காரவானை இழுக்க அனுமதி இல்லை, கோட் இபி வேண்டும். குடும்பமாகப் படுக்கிற காரவான்களில் பெரும்பாலானவை அந்த எடையைத் தாண்டிவிடும். காரவானின் தகட்டில் அடித்திருக்கும் மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும், காலி எடையை அல்ல. தகுந்த அட்டை இல்லாமல் போகும் வழியில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் டவுன் ஹில் ஏற்றத்தில் ஏதாவது ஆகிவிட்டால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்க அதுவே போதும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் தகட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகைக் காரவானுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பதை உங்கள் கார் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.