சிப் போட்ட பழைய டிரக்கை வாங்கியவர்களுக்கு: கேள்வி பதில்

இன்னொருவர் கையில் ஓடி, எஞ்சினின் சக்தியைக் கூட்ட அவர் பொருத்திய சிப்போடு விற்பனைக்கு வந்த டீசல் டிரக்கை வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஏறத்தாழ எல்லோரும் சிப் நல்லதா கெட்டதா என்றே தொடங்குகிறார்கள். அந்தச் சிப்போடு எஞ்சின் இதுவரை எப்படி ஓட்டப்பட்டது என்பதை முதலில் கண்டறிய வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் அதைப் பற்றியவையே.

கேள்வி: வண்டியை விற்றவர் "சிப் போட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அது எங்கே இருக்கிறது, எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: "சிப்" என்ற ஒரே சொல்லால் மூன்று வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறார்கள். முதலாவது, உண்மையான சிப். 1980-களிலும் 90-களிலும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிக்குள் இருந்த நினைவகச் சிப்பைக் கழற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்தினார்கள், ஃபோர்டு 7.3 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் எஞ்சின் உள்ள வண்டிகளில் அந்தக் கணினியின் பின்பக்கத்து இணைப்பில் ஒரு சிறு பலகையைச் செருகினார்கள். இரண்டாவது, சென்சாருக்கும் கணினிக்கும் நடுவில் வயரிங்கோடு கோக்கப்படும் டியூனிங் பெட்டி. மூன்றாவது, பெட்டி எதுவும் இல்லாமல், கோளாறு பார்க்கும் ஸ்கேனரைச் செருகும் ஓபிடி இணைப்பு வழியாகக் கணினியின் மென்பொருளையே மாற்றி எழுதுவது.

பெட்டியைக் கண்டுபிடிக்கக் கண்ணும் டார்ச் விளக்கும் போதும். பானெட்டைத் திறந்து, இன்ஜெக்டர்களுக்கு உயர் அழுத்தத்தில் டீசலைத் தரும் குழாயான எரிபொருள் ரெயிலின் முனையிலுள்ள அழுத்தச் சென்சாரிலிருந்து வயரைக் கையால் தொட்டுக்கொண்டே போங்கள். எல்லாக் கன்னெக்டர்களிலும் எண்ணெய்ப் புழுதி படிந்திருக்க, ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் புதிய இன்சுலேஷன் டேப்பும் பிளாஸ்டிக் கட்டும் தெரிந்தாலோ, பெட்டி அங்கிருந்துதான் கிளம்புகிறது. பெரும்பாலும் பேட்டரிக்குப் பின்னாலோ ஃபியூஸ் பெட்டிக்கு அருகிலோ ஒட்டவைத்திருப்பார்கள். மென்பொருளை மாற்றியிருந்தால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அப்போது ஸ்கேனரில் வண்டி விவரப் பகுதிக்குச் சென்று, மென்பொருளின் பதிப்பைக் காட்டும் காலிபரேஷன் அடையாள எண்ணையும் அதன் சரிபார்ப்பு எண்ணையும் எடுத்து, உங்கள் மாடலுக்கு உற்பத்தியாளர் தந்துள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். அடையாள எண் மாறாமல் சரிபார்ப்பு எண் மட்டும் மாறியிருந்தால், யாரோ உள்ளே கைவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஸ்கேனரில் எரிபொருள் அழுத்தம் உட்பட எல்லா ரீடிங்கும் சரியாக இருக்கின்றன. ஆனாலும் முடுக்கும்போது கரும்புகை தள்ளுகிறது. ஏன்?

பதில்: உங்கள் வண்டியில் இருப்பது டியூனிங் பெட்டி என்றால், அந்த ரீடிங்கை நம்பவே கூடாது. ரெயிலிலுள்ள சென்சார் பொதுவாக 0.5 முதல் 4.5 வோல்ட் வரையிலான மின்னழுத்தமாகத் தன் அளவைச் சொல்கிறது. நடுவிலுள்ள பெட்டி அதைச் சற்றுக் குறைத்துக் கணினிக்கு அனுப்புகிறது. அழுத்தம் போதவில்லை என்று எண்ணிக் கணினி அதைக் கூட்டுகிறது. இன்ஜெக்டர் திறந்திருக்கும் அதே நேரத்தில் அதிக டீசல் உள்ளே போகிறது. ஸ்கேனர் கணினியிடம் கேட்டுத்தான் எண்ணைக் காட்டுகிறது. கணினிக்கே பொய்க் கணக்கு போனால் ஸ்கேனரிலும் அதே பொய்தான் வரும். திரையில் 1,600 பார் என்று இருக்கையில் ரெயிலுக்குள் அதைவிட அதிகம் இருக்கும்.

கரும்புகை என்பது காற்றுக்கு மிஞ்சிய டீசல். பெட்டியைக் கழற்றி, கன்னெக்டர்களைப் பழையபடி நேரடியாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். புகை நின்றால் பெட்டியின் அமைப்பு அளவுக்கு மீறியது. நிற்காவிட்டால் டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் காற்றுக் கசிவு, அடைத்த ஏர் ஃபில்டர், ஒழுகும் இன்ஜெக்டர் ஆகியவற்றை இதே வரிசையில் பாருங்கள்.

கேள்வி: சிப்பினால் மைலேஜ் கூடியிருப்பதாக டேஷ்போர்டு காட்டுகிறது. உண்மையா?

பதில்: அந்த எண், தான் கொடுத்த கட்டளையைக் கொண்டு கணினி போடும் கணக்கு. பெட்டியால் உள்ளே போகும் கூடுதல் டீசல் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. டேங்கை வாய்வரை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பி, லிட்டரால் வகுத்துப் பாருங்கள். மூன்று டேங்குகளின் சராசரி கிடைத்தபின் பேசலாம்.

கேள்வி: சிப் போட்ட வண்டியொன்றை வாங்கப் போகிறேன். எஞ்சின் அடிபட்டிருக்கிறதா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: முழுவதும் முடியாது, ஆனால் பெரும்பகுதி முடியும். முந்தின இரவே நிறுத்தி வைத்த வண்டியைக் காலையில், நீங்கள் வரும் முன் ஸ்டார்ட் செய்யாமல் காட்டச் சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, ஏனெனில் குளிர்ந்த எஞ்சின் சொல்வதைச் சூடான எஞ்சின் மறைத்துவிடும்.

ஸ்டார்ட் செய்யும் முன் ரேடியேட்டர் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். இரவு முழுவதும் குளிர்ந்த பிறகும் அது கல்போல் இருந்தால், எரிப்பறையின் அழுத்தம், சிலிண்டர் ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைத் தாண்டிக் கூலன்ட்டுக்குள் போயிருக்கலாம். கூடுதல் அழுத்தத்தில் ஓடிய டீசல் எஞ்சின்களில் ஹெட் தூக்கிக்கொள்வது பழைய கதை, ஃபோர்டு 6.0 லிட்டர் பவர் ஸ்ட்ரோக்கின் ஹெட் போல்ட்டுகள் இதற்குப் பேர்போனவை. அடுத்து ஆயில் குச்சியை உருவி மட்டத்தைப் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருந்து டீசல் வாடை அடித்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்குகிறது. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேயும்.

பிறகு ஸ்டார்ட் செய்து, எஞ்சின் சூடேறி ஐடிலில் நிற்கும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து அதே வாயில் தலைகீழாக வையுங்கள். மூடி இலேசாக அதிர்ந்தால் பரவாயில்லை. எகிறி விழுந்தால் பிஸ்டன் ரிங்குகள் வழியாக வாயு கீழே வருகிறது, அந்த வண்டியை விட்டுவிடுங்கள். இவை எல்லாவற்றையும் தாண்டிவந்த வண்டியின் ஆயிலில் சிறிது எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இரும்பு, செம்பு, அலுமினியம் ஆகியவற்றின் அளவும் டீசல் கலப்பும் எண்களாக வரும். விற்பவரின் வாய்ச்சொல்லைவிட அந்த எண்கள் எனக்குப் பெரியவை. ஆனால் ஆயிலை அண்மையில் மாற்றியிருந்தால் இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

மாடலுக்கு மாடல் பலவீனம் வேறுபடும். 1998 முதல் 2002 வரையிலான டாட்ஜ் ராம் வண்டிகளில் வந்த கம்மின்ஸ் 5.9 லிட்டர் 24 வால்வு எஞ்சினில், இன்ஜெக்டர்களுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் விபி44 பம்ப்புக்குக் குளிர்ச்சியும் மசகும் தருவது அதன் வழியாக ஓடும் டீசல்தான். டீசலைத் தள்ளிக்கொடுக்கும் லிஃப்ட் பம்ப் சோர்ந்திருக்க, மேலே சிப்பும் கூடுதல் டீசல் கேட்டால், அந்த விலைமிக்க பம்ப் வறண்டு சாகும். அத்தகைய வண்டியில் முழு லோடில் லிஃப்ட் பம்ப்பின் அழுத்தத்தை அளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: மேட்டில் ஏறும்போது ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) ஏறுகிறது, வேகம் ஏறவில்லை. சிப்தான் காரணமா?

பதில்: சிப் கொடுத்த இழுவையை உங்கள் கிளட்ச் தாங்கவில்லை என்பது காரணம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றால் டார்க் கன்வெர்ட்டரின் பூட்டும் கிளட்ச்சையோ உள்கிளட்ச் தட்டுகளையோ சந்தேகிக்க வேண்டும். கியர்பாக்ஸ் ஆயில் கறுத்துக் கருகிய வாடை வீசினால் சேதம் தொடங்கிவிட்டது. ஜிஎம் டிரக்குகளின் டியூரமாக்ஸ் எஞ்சினோடு வரும் ஆலிசன் கியர்பாக்ஸ், வழுக்கலை உணர்ந்ததும் தன்னைக் காத்துக்கொள்ளும் நிலைக்குப் போய் ஒரே கியரில் நின்றுவிடும். அதைக் கோளாறு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது எச்சரிக்கை. சிப்பை மிகக் குறைந்த நிலைக்கு இறக்குங்கள், அல்லது கழற்றுங்கள். வழுக்கிய கிளட்ச் தானாகத் தேறாது.

கேள்வி: டிரெய்லர் இழுக்கிறேன். சிப்பை எந்த நிலையில் வைக்கலாம்?

பதில்: வெளியேறும் வாயுவின் வெப்பத்தை அளக்கும் மானி உங்கள் வண்டியில் இல்லையென்றால், ஒரிஜினல் நிலையில் மட்டும். வெறும் வண்டியில் சிப் தரும் கூடுதல் சக்தி சில நொடிகளே பயன்படுகிறது. முந்தி முடித்ததும் காலை எடுத்துவிடுகிறோம். டிரெய்லரோடு நீண்ட மேட்டில் அதே சக்தியைப் பத்து நிமிடம் விடாமல் கேட்கிறோம். பிஸ்டன் அலுமினியக் கலவை; தூய அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். கீழிருந்து ஆயில் பீய்ச்சிக் குளிரவைப்பதால்தான், வாயு அதைவிடச் சூடாக இருந்தாலும் சிறிது நேரம் பிஸ்டன் பிழைக்கிறது. நீடித்த ஓட்டத்தில் டர்போவுக்கு முன்னால் ஏறத்தாழ 700 டிகிரியை எல்லையாகக் கொள்வது டீசல்காரர்களின் நெடுநாள் வழக்கம். நான் 650-ஐத் தாண்டியதுமே காலைத் தளர்த்தி ஒரு கியர் இறக்கிவிடுவேன். கியர் இறக்கினால் ஆர்பிஎம் கூடும், டர்போ அதிகக் காற்றைத் தள்ளும், வெப்பம் கண்ணெதிரே இறங்கும். குறைந்த ஆர்பிஎம்மில் முழு இழுவை கேட்பதுதான் பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடை வளைக்கும் பழக்கம்.

மானியின் முனை டர்போவுக்கு முன், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்க வேண்டும். டர்போவுக்குப் பின்னால் பொருத்தினால் லோடில் 100 டிகிரிக்கு மேலும் குறைவாகக் காட்டி உங்களை ஏமாற்றும்.

கேள்வி: மென்பொருளை மாற்றிய கைக்கருவியை விற்றவர் தரவில்லை. அது எனக்குத் தேவையா?

பதில்: அவசியம் தேவை, வாங்கும்போதே கேட்டுப் பெற்றிருக்க வேண்டும். பல கைக்கருவிகள் முதல் வண்டியோடு பூட்டிக்கொள்ளும். அந்த வண்டியின் ஒரிஜினல் கோப்பும் அதற்குள்தான் இருக்கும். கருவி இல்லாமல் பழைய நிலைக்குத் திரும்ப, சர்வீஸ் நிலையத்தில் உற்பத்தியாளரின் மென்பொருளை மறுபடி ஏற்றச் சொல்ல வேண்டும். கருவி கையில் இருப்பவர்கள், சர்வீஸுக்கு விடும் முன் தாங்களே ஒரிஜினலுக்குத் திரும்பிவிடுங்கள். இல்லையேல் அங்கே புதிய மென்பொருளை ஏற்றிவிட, உங்கள் கருவி இனி இல்லாத ஒரு பதிப்போடு பூட்டியே கிடக்கும்.

ஒரிஜினலுக்குத் திரும்பிய பிறகு ஜிபிஎஸ்ஸோடு ஸ்பீடோமீட்டரை ஒப்பிடுங்கள். முன்னவர் பெரிய டயர் போட்டு, கருவியில் அந்த அளவைக் கொடுத்திருந்தால், திரும்பியதும் அந்தத் திருத்தமும் போய்விடும். காட்டுவதைவிட வேகமாக நீங்கள் போய்க்கொண்டிருப்பீர்கள். வேகக் கட்டுப்பாட்டைச் சிப் நீக்கியிருந்தால் டயரின் பக்கச் சுவரிலுள்ள எழுத்தையும் பாருங்கள்: க்யூ என்றால் மணிக்கு 160 கிலோமீட்டர் வரை தாங்கும், எஸ் என்றால் 180.

கேள்வி: பெட்ரோல் வண்டிக்கு மிக மலிவான சிப் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். அவற்றில் ஒரு வகை, உள்ளிழுக்கும் காற்றின் வெப்பச் சென்சாரில் கோக்கும் சாதாரண ரெசிஸ்டர். காற்று குளிர்ந்திருக்கிறது என்று பொய் சொல்லிப் பெட்ரோலைக் கூட்டும், அவ்வளவே. ஓபிடியில் செருகும் மலிவுப் பெட்டிகள் சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால் விளக்கு மின்னுவதற்கான சுற்று மட்டுமே இருக்கும்.

கேள்வி: சட்டம், காப்பீடு, வாரண்டி?

பதில்: சிப் என்பது ஒன்று, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளை நீக்குவது வேறொன்று, ஆனால் பழைய வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் அந்நாட்டில் மட்டும் 5,50,000-க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்புகளில் இக்கருவிகள் நீக்கப்பட்டிருந்தன. அங்கே தூய காற்றுச் சட்டம் அதைத் தடைசெய்கிறது. டீசல் துகள் வடிகட்டியும், வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பும் இஜிஆரும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றனவா என்று கீழே படுத்துப் பாருங்கள். வெறும் குழாய் தெரிந்தால் திரும்பப் பொருத்தும் செலவு உங்கள் தலையில். காப்பீட்டு நிறுவனத்துக்குச் சிப்பைப் பற்றி எழுத்தில் தெரிவித்துவிடுங்கள், இல்லையேல் விபத்தின் பிறகு அதையே காட்டி இழப்பீட்டை மறுக்க இடமுண்டு. வாரண்டி மிச்சமிருந்தால், கழற்றிவிட்டால் தெரியாது என்று நம்ப வேண்டாம். மென்பொருள் மாற்றப்பட்ட தடத்தைப் பதிவுசெய்து வைக்கும் கணினிகள் உண்டு.

கேள்வி: மழை நாளில் மட்டும் வண்டி திடீரென்று சக்தி இழக்கிறது. மூன்று மெக்கானிக்குகள் பார்த்தும் பிடிபடவில்லை.

பதில்: இதே தொல்லையை நான் ஏழு மாதம் அனுபவித்தேன். ரெயில் சென்சாரையும் பம்ப் வால்வையும் மாற்றினேன். மறு மழையில் அதே கதை. கடைசியில் டியூனிங் பெட்டியின் வயர் கற்றையை முழுவதும் பிரித்தேன். பேட்டரித் தட்டின் கூர்விளிம்பில் உரசி, ஒரு வயரின் தோல் அரிசி நீளத்துக்குத் தேய்ந்து, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. எனவே அடுத்த பாகத்தை வாங்கும் முன் பெட்டியை முழுமையாகக் கழற்றி, கன்னெக்டர்களை நேரடியாகச் சேர்த்து, இரண்டு மழைக்கு ஓட்டிப் பாருங்கள். கோளாறு வரவில்லையென்றால் வயரை மாற்றி, உறைக் குழாய் போட்டு, உலோக விளிம்பு படாத வழியில் கொண்டுபோங்கள். அப்போதும் வந்தால் வண்டியின் சொந்த வயரிங்கிலும் சென்சாரிலும் தேடத் தொடங்குங்கள்.