முதல்முறை பிசியோதெரபிக்குப் போகிறவர்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

போவதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறீர்கள். எந்த மூட்டு, என்ன பிரச்சினை என்று எழுதவில்லை. மருத்துவர் சீட்டு கொடுத்துவிட்டார், நீங்கள் இன்னும் நாளைத் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நான் ஒன்றரை மாதம் தள்ளினேன். அதற்குள் தோள் இன்னும் இறுகிப்போயிற்று.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபிஸ்டிடம் பொய் சொல்லாதீர்கள். அவர் மனம் நோகக்கூடாது என்று சொல்லும் சின்னப் பொய்கூட வேண்டாம். நான் மருத்துவம் படித்தவள் இல்லை, பட்டவள். அதனால் சொல்கிறேன்.

எனக்கு வந்தது ஃப்ரோசன் ஷோல்டர். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடும். 40 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்களுக்குத்தான் அதிகம் வரும், அதிலும் சர்க்கரை நோய் இருந்தால் வாய்ப்பு கூடுதல். எனக்கு அப்போது வயது 52, சர்க்கரையும் உண்டு. இடது கையைத் தூக்கித் தலை வார முடியாது. முதுகுப்பக்கம் கொண்டுபோக முடியாது. தூக்கத்தில் அந்தப் பக்கம் புரண்டால் உயிர் போய் உயிர் வரும்.

முதலில் போன இடத்தில் தோளில் பட்டைகளை ஒட்டி, அவற்றின் வழியாக மெல்லிய மின்சாரம் செலுத்தும் மெஷினை இயக்கிவிட்டுப் போய்விடுவார்கள். 20 நிமிடம். மணி அடித்ததும் அடுத்தவர். ஆறு நாள் போனேன். ஒருவர்கூட என் கையைத் தூக்கிப் பார்க்கவில்லை. வெளியே வரும்போது இதமாக இருக்கும், இரவு பழையபடிதான். மெஷினே கூடாது என்று நான் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். வலி கொஞ்சம் தணிந்தால் பயிற்சி செய்யத் தெம்பு வரும், அந்த அளவுக்கு அது உதவலாம். ஆனால் பயிற்சிக்குப் பதில் மெஷின் என்றால் இறுகிய மூட்டு இளகாது.

இரண்டாவது இடத்தில் முதல் நாள் சிகிச்சையே தொடங்கவில்லை. முக்கால் மணி நேரமும் கேள்விகளும் அளவுகளும்தான். எந்தப் பக்கம் படுக்கிறீர்கள், வலி எத்தனை மணிக்கு எழுப்புகிறது, கடைசியாகப் பார்த்த சர்க்கரை எவ்வளவு, என்னென்ன மாத்திரை. பிறகு அங்கிருந்த பிசியோதெரபிஸ்ட் நானாகவே கையைத் தூக்கச் சொன்னார். அடுத்து என்னைத் தளர்வாக விடச் சொல்லி அவரே தூக்கிப் பார்த்தார். இரண்டு முறையும் கை ஒரே இடத்தில் நின்றது. தசை பலவீனம் மட்டும் என்றால் அவர் தூக்கும்போது மேலே போயிருக்குமாம், எனக்கு மூட்டே பூட்டிக்கொண்டிருக்கிறதாம். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லி, இரண்டு சட்டங்கள் கொண்ட ஒரு கோணமானியை வைத்து அளந்தார். வலது 70 டிகிரி. இடது 10.

அந்தப் பத்தை அவர் எழுதியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வலியை ஒருவர் எண்ணாக எழுதியது அதுதான் முதல் தடவை. இந்த நோய்க்கு எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும், எனக்கும் அப்படித்தான் இருந்தது. வாரம் மூன்று நாள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போக அனுமதி கேட்டு அலுவலகத்தில் கடிதம் கொடுத்தேன். "எக்ஸ்ரேயில்தான் ஒன்றும் இல்லையே, பிறகு என்ன?" என்று கேட்டார் மேலாளர். கேட்டதோடு விடவில்லை, என் கடிதத்தை மற்றவர்கள் முன்னால் உரக்க வாசித்தார். கட்டுப் போட்ட கை என்றால் எழுந்து கதவைத் திறந்துவிடுவார்கள். கட்டு இல்லாத வலிக்குச் சாட்சி கேட்கிறார்கள். 18 வருடம் உழைத்த இடம் அது. உங்கள் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று தெரியும். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

பொய்க்கு வருகிறேன். வீட்டில் செய்ய நான்கு பயிற்சிகள் கொடுத்தார் பிசியோதெரபிஸ்ட். அதில் ஒன்று சுவர் ஏறுதல். சுவரைப் பார்த்து நின்று, விரல்களை மேலே நடக்கவிட்டு, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுத வேண்டும். எல்லாவற்றையும் நாளுக்கு மூன்று வேளை செய்ய வேண்டும். முதல் வாரம் ஒழுங்காகச் செய்தேன். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் கணக்கு முடிக்கும் நேரம். மொத்தமாகவே நான்கைந்து முறைதான் செய்திருப்பேன். "மூன்று வேளையும் செய்தீர்களா?" என்று கேட்டார். "செய்தேன்" என்றேன். "வலி எப்படி?" "பரவாயில்லை." இத்தனை பயிற்சியையும் தோள் தாங்குகிறது என்று அவர் கணக்குப் போட்டு, அன்று கூடுதலாக இழுத்து நீட்டினார், பயிற்சியையும் ஏற்றினார். வலி உச்சத்தில் இருக்கும் காலத்தில் இந்த மூட்டை மிதமிஞ்சி இழுத்தால் அது இன்னும் சீறும். நான்கு இரவுகள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினேன்.

அடுத்த முறை போனபோது அவர் என் குறிப்புகளை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். தவறு தன்னுடையது என்று நினைத்து, அது எங்கே நடந்தது என்று தேடுகிறார். அதைப் பார்க்கப் பொறுக்காமல் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "பாதி மாத்திரை போட்டுக்கொண்டு முழுசும் போட்டேன் என்று சொன்னால், டாக்டர் அளவை ஏற்றத்தானே செய்வார் அம்மா?" என்றார். நான்கு முடியாது, இரண்டுதான் முடியும் என்றேன். இரண்டாகக் குறைத்துக் கொடுத்தார். அந்த இரண்டையும் விடாமல் செய்தேன்.

வலியையும் மறைக்காதீர்கள். பல்லைக் கடித்துப் பொறுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று நம்பினேன், அது தவறு. வலிக்குப் பூஜ்யத்திலிருந்து 10 வரை மதிப்பெண் கேட்பார்கள். 4 வரை போகலாம், மறுநாள் காலைக்குள் அடங்கிவிட வேண்டும், அடங்காவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும் என்பது எனக்கு வைத்த எல்லை. உங்கள் எல்லை வேறாக இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் இரண்டு மூன்று நாள் தசை வலிப்பது இயல்பு. குத்தும் வலி, மரத்துப்போதல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வந்தால் நிறுத்திவிட்டு அவரிடம் சொல்லுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, முதுகுவலியோடு சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அடுத்த முறை வரை காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

எத்தனை நாளில் சரியாகும் என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ஃப்ரோசன் ஷோல்டர் விலக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகும் என்று அவர் முன்பே சொல்லியிருந்ததால்தான், சுவரில் கோடு ஐந்து வாரம் ஒரே உயரத்தில் நின்றபோதும் நான் ஓடிவிடவில்லை. எனக்கு 14 மாதம் ஆயிற்று. எதுவும் செய்யாமலே சரியாயிற்று என்று கீழே யாராவது எழுதுவார்கள். சிலருக்குத் தானாக விலகுவதும் உண்டு, மறுக்கவில்லை. எனக்கு அப்படி நடக்கவில்லை.

முதல் நாள் எளிதாகக் கழற்றக்கூடிய தளர்ந்த உடை போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே, ஸ்கேன், மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள்.

விட்டுப்போயிற்று: இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தாலோ, கர்ப்பமாக இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ மெஷின் பட்டையை ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். முதலில் நான் போன இடத்தில் இதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.